போதுமான சம்மட்டி

மலிவுக் கைக்கருவிக் கழகத்தின் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று பேகம்பூரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பச்சைப் பொய். அந்தக் கழகம் திண்டுக்கல்லில் இருந்த நாலு வருஷமும் என் வீட்டில் அடுப்பெரிந்தது அதன் புண்ணியத்தில்தான். கழக ஆபீசுக்கு நேரெதிரே, சைக்கிள் கடை ஓரமாக ஒரு மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவன் நான். பெயர் அப்துல் லத்தீப். கழகத்தில் கருவி வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் பதினைந்து நாளைக்குள் என் மேசைக்கு வந்தார்கள். மீதிப் பேருக்குப் பஸ் ஏறி வர நேரம் கிடைத்திருக்காது.

கழகம் அறுபத்தொன்றில் வந்தது. கொல்லுப் பட்டறையில் ஆறு ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காத சம்மட்டியை அது ஒன்றேகால் ரூபாய்க்குக் கொடுத்தது. மண்வெட்டி, கோடரி, கடப்பாரை எல்லாமே அந்தக் கணக்குத்தான். அழகான பச்சைப் பெயிண்ட் அடித்து, கைப்பிடியில் முத்திரை குத்தி வரும். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டிலிருக்கிற பழைய கருவியை ஒப்படைத்தால்தான் புதியது கிடைக்கும். பழையது கையில் இருந்தால் குடியானவன் புதியதை மதிக்க மாட்டான் என்று கழகம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது.

முதல் விநியோகம் ஆயுத பூஜை அன்று நடந்தது. ஒப்படைத்த பழைய இரும்பையெல்லாம் கூடத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். பொரிகடலை கொடுத்தார்கள். அதற்கப்புறம் தனி அதிகாரி பேசினார். சுருக்கமாகத்தான் பேசினார், ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம்.

"நண்பர்களே! ஆறு ரூபாய்ச் சம்மட்டி எத்தனை காலம் உழைக்கும்? இருபது வருஷம் உழைக்கும். அதை வாங்கியவன் இருபது வருஷத்துக்கு எந்த ஆபீஸ் பக்கமும் தலை காட்ட மாட்டான். அவனுக்கும் நமக்கும் என்ன உறவு? ஒன்றேகால் ரூபாய்ச் சம்மட்டி வாங்கியவன் அடிக்கடி வருவான். வந்து குறை சொல்வான். நாங்கள் அதைக் கேட்போம். மக்களோடு நெருங்கிப் பழகுவதற்குத்தானே கழகமே ஏற்பட்டிருக்கிறது!"

எல்லோரும் கை தட்டினார்கள். சோலைமலையும் தட்டினான்.

சோலைமலை வடமதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க்காரன். ஒரு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, இரண்டு மாடு, ஒச்சம்மாள் என்று ஒரு பெண்சாதி. அவனுடைய பழைய சம்மட்டிக்கு ஒரு குறையும் கிடையாது. தலை மட்டும் ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தது. ஒச்சம்மாள் அன்று காலையிலேயே தடுத்திருக்கிறாள். "நல்லா இருக்கிறதக் கொண்டுபோய் எவன் கையிலயோ குடுத்துட்டு வருவியளாக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இவன், "ரயில் தண்டவாளம் போட்டதே சர்க்காருதானடி, ஒரு சம்மட்டி செய்யத் தெரியாதா?" என்றானாம். இதை அவனே என்னிடம் சொன்னான். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை தலையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த மழையை நம்பிச் சோலைமலை வெங்காயம் ஊன்றியிருந்தான். மார்கழியில் கிணறு அடி தட்டிவிட்டது. மாட்டைக் கட்டிக் கமலை இறைத்தால் சாலில் பாதிச் சேறு வந்தது. இன்னும் மூன்று தண்ணீர் பாய்ச்சினால் காய் திரண்டுவிடும். அடியில் கிடக்கிற பாறையை ஒரு முழம் உடைத்தால் ஊற்று கண் திறந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் போன வருஷமும் அப்படித்தான் ஒரு முழம் உடைத்தான். ஒச்சம்மாள் உளியைப் பிடிக்க, இவன் புதுச் சம்மட்டியை எடுத்தான்.

மூன்றாவது அடியில் சம்மட்டித் தலை இரண்டாகப் பிளந்தது. இரண்டு துண்டையும் தோள்துண்டில் முடிந்துகொண்டு என் மேசைக்கு வந்தான்.

"பாய், நான் ஓங்கிக்கூட அடிக்கல. அடிக்கப்போறாண்டான்னு தெரிஞ்ச மாதிரி அதுவா பொளந்துக்கிருச்சு."

"ஊரில் யாரிடமாவது இரவல் கேட்டால் என்ன?" என்றேன். ஊரே அன்றைக்கு ஒப்படைத்திருந்தது. பட்டறைக்குப் போகலாமே என்றேன். ஆறு ரூபாய்க்கு வாங்க ஆள் இல்லாமல் கொல்லர் பட்டறையை மூடிவிட்டு, கரூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் மனு எழுதினேன்.

மனுவை வாங்கிக்கொண்டவர் தரப் பரிசோதகர் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதை தப்பாத மனுஷர். அவர் மேசையில் இரண்டு விதப் பாரம் இருந்தன. வீட்டு உபயோகத்துக்கு ரோஸ் காகிதம், வேலை உபயோகத்துக்கு வெள்ளைக் காகிதம். மலிவுக் கருவி வீட்டுக்குப் போதுமா, வேலைக்குப் போதுமா என்ற கேள்விக்குக் கழகம் முன்கூட்டியே விடை எழுதி வைத்திருந்தது. வீட்டுக்குத் தாராளமாகப் போதும். வேலைக்குப் போதவில்லை என்று யாராவது சொன்னால் அவனுக்கு வேலை தெரியவில்லை.

"ஏனுங்க, இது ஊட்டுக் கெணறுங்களா, தோட்டத்துக் கெணறுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா. நாங்க குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான், வெங்காயத்துக்குப் பாயிறதும் அந்தத் தண்ணிதான்."

"அப்படிச் சொன்னா பாரத்துல எடமில்லீங்களே. ஏதாவது ஒண்ணு சொல்லோணும்."

"வீட்டுக்குப் பின்னாலதாங்கய்யா இருக்கு."

"அப்ப ஊடுங்க. ஊட்டுல உக்காந்துக்கிட்டுப் பாறைய எதுக்குங்க ஒடைக்கறீங்க?"

சோலைமலை என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில், நேரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் எந்தப் பாரம் என்று முடிவு செய்ய முடியும் என்று நாச்சிமுத்து குறிப்பு எழுதினார். பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு பேர் சங்கிலியோடு போய், வாசற்படியிலிருந்து கிணற்றுமேடு வரை அளந்தார்கள். நாற்பத்து மூன்று அடி இருந்தது. ஐம்பதுக்குள் இருந்தால் வீடு. ஆனால் நடுவில் மாட்டுக்கொட்டம் இருந்தது. மாடு வீட்டைச் சேர்ந்ததா, வேலையைச் சேர்ந்ததா என்று மதுரைத் தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்டார்கள். அதற்குள் வெங்காயத் தாள் நுனியிலிருந்து பழுக்கத் தொடங்கிவிட்டது.

மதுரையிலிருந்து பதில் வருவதற்குள், சும்மா இருக்க வேண்டாமே என்று சம்மட்டிப் பரிசோதனையை வைத்துக்கொண்டார்கள். நானும் சோலைமலையும் கூடவே நின்று பார்த்தோம். அதே சரக்கில் வந்த இன்னொரு சம்மட்டியை நாச்சிமுத்து எடுத்தார். ஒரு மரக்கட்டையின் மேல் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் தட்டத் தொடங்கினார்.

"சாக்கு எதுக்குங்கய்யா?" என்று சோலைமலை கேட்டான்.

"இல்லாட்டிப் போனாச் சம்மட்டிக்கு அடிபட்டுருமுங்க."

நூறு தட்டு தட்டினார். சம்மட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே குற்றம் பாறையில்தான் இருக்க வேண்டும் என்று அறிக்கை தயாரானது. பாறையின் மாதிரியைக் கொண்டுவரும்படி சோலைமலைக்கு உத்தரவானது. அவனும் கிணற்று மேட்டில் கிடந்த கல்லில் ஒன்றைத் தலையில் வைத்து வடமதுரை வரை நடந்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து தனி அதிகாரியின் மேசைமேல் வைத்தான். அவர் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது உடைந்த கல் அல்லவா?"

"ஆமாங்கய்யா."

"உடைந்திருக்கிறது. அப்புறம் உடையவில்லை என்று ஏன் மனுக் கொடுத்தாய்?"

"இது போன வருசம் பழைய சம்மட்டியில ஒடைச்சதுங்கய்யா."

"அதற்கு என்ன அத்தாட்சி? கல்லில் தேதி போட்டிருக்கிறதா?"

கல்லில் தேதி இல்லை. கழகக் கருவி பாறையை உடைத்திருப்பதாகக் கோப்பில் ஏறியது. அந்த நேரத்தில்தான் சோலைமலை வாயைத் திறந்து, இத்தனை நாளும் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டான். புதுச் சம்மட்டி வேண்டாம், கொடுத்த ஒன்றேகால் ரூபாயும் வேண்டாம், தன்னுடைய பழையதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றான். அது எங்கேயும் போய்விடவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. கூடத்தில் அடுக்கின குவியலில் மேலேயே கிடந்தது, சந்தனம் காய்ந்து வெடித்து, மாலை சருகாகி.

தனி அதிகாரி கோபப்படவில்லை. அன்பாகத்தான் விளக்கினார். "அது பூஜையில் இருக்கிறதப்பா."

"பூசை முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுங்களே?"

"உங்கள் வீட்டில் பூஜை போட்ட கருவியை எப்போது எடுப்பீர்கள்?"

"மறுநா, விஜயதசமிக்கு."

"விஜயதசமிக்கு ஆபீஸ் விடுமுறை. யாரும் வரவில்லை, யாரும் எடுக்கவில்லை. எடுத்ததாகக் கோப்பில் எழுதவில்லை. எடுக்காத வரைக்கும் பூஜை நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? பூஜையில் இருக்கிற ஆயுதத்தைத் தூக்கிக் கொண்டுபோய் வேலை செய்யலாமா? நீயே சொல்லு."

ஆயுத பூஜையன்று வெங்காயம் நறுக்கக்கூட அரிவாள்மனையைத் தொடவிடாத குடும்பம் சோலைமலையுடையது. அந்த மடையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"கூடாதுதாங்கய்யா. குத்தமாயிரும்."

எனக்கு அவனை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது. அடுத்த வருஷம் விஜயதசமிக்கு ஆபீஸ் விடுமுறை இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று அதிகாரி ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

தை பிறந்தது. வெங்காயத்துக்கு ஒரு தண்ணீர்கூடப் பாயவில்லை. ஒச்சம்மாள் குடத்தில் மொண்டு மொண்டு வரப்போர வரிசைகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அப்போது கழகத்துக்கு ஒரு யோசனை உதித்தது. சோலைமலைக்கு இன்னொரு சம்மட்டி கொடுத்து, அவன் கிணற்றிலேயே, அவன் கையாலேயே பத்து அடி அடிக்கச் சொல்லி, அதைப் போட்டோ பிடித்துவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும் அல்லவா? தனி அதிகாரி, நாச்சிமுத்து, போட்டோக்காரர் மூவரும் ஜீப்பில் வந்தார்கள். மனுதாரர் தரப்பில் ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

அதிகாரி கிணற்று மேட்டில் நின்றார். போட்டோக்காரர் பாதிப் படியில் நின்றார். நாச்சிமுத்து அதற்கும் கீழே நோட்டோடு உட்கார்ந்தார். வழக்கம்போல உளியைப் பிடிக்க இறங்கிய ஒச்சம்மாளை அதிகாரி மேலே வரச் சொன்னார்.

"பெண்பிள்ளை படத்தில் வேண்டாம். ஒரு ஆள் ஒண்டியாக அடித்தால்தான் கருவியின் பலம் தெரியும்."

"உளி இல்லாமப் பாறையில நேரா அடிச்சாத் தெறிக்கும்யா," என்றாள் அவள்.

"நல்ல இரும்பு தெறிக்காது."

சோலைமலை கீழேயிருந்து கத்தினான். "எசமான், இதுல ஒரு கீறல் ஓடியிருக்குங்க. தலைக்குக் குறுக்க."

"அது பெயிண்டில் இருக்கும். ஓங்கி அடி. ஓங்கினது படத்தில் தெரிய வேண்டும். சிரித்த முகமாக இரு."

அவன் சிரித்தான் என்றுதான் சொல்ல வேண்டும், பல் தெரிந்தது. ஒன்று என்றார் நாச்சிமுத்து. இரண்டு. மூன்று. நாலாவது அடியில் சம்மட்டித் தலையின் ஓரம் பெயர்ந்து, கொட்டைப்பாக்கில் பாதியளவு துண்டு அவன் வலது கண்ணுக்குள் போனது.

அவன் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. ஒச்சம்மாள் படியில் இறங்கவில்லை, விழுந்தாள். நாச்சிமுத்து நோட்டில் 'நாலு' என்று எழுதி, கீழே கோடு போட்டார். மேலேயிருந்து அதிகாரி, படம் சரியாக விழுந்ததா என்று போட்டோக்காரரைக் கேட்டார். பிறகு கிணற்றுக்குள் குனிந்து, "இன்னும் ஆறு பாக்கி இருக்கிறது. முடியுமா என்று கேளுங்கள்," என்றார்.

ஒச்சம்மாள் புருஷனை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் சம்மட்டியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். "ஆறுதானே? எறங்கி வா சாமி. ஒன் மண்டையில நானே எண்ணிப் போடுறேன்."

அதிகாரிக்கு வேறு ஊரில் ஒரு திறப்பு விழா ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஜீப்பில் இவனை ஏற்றி மதுரை ஆஸ்பத்திரியில் விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஜீப் கழக வேலைக்கு மட்டும்தான் என்றும், இந்தக் கண் வீட்டைச் சேர்ந்ததா வேலையைச் சேர்ந்ததா என்று மதுரையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றும் அவர் வருத்தத்தோடு சொன்னார். மாட்டு வண்டியில் வடமதுரை போய், பஸ் பிடித்து, அவனை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அன்று எனக்கு அழுகை வந்தது. காலையில் கோடரி பிளந்த ஒருவன் மேசைக்கு முன்னால் நின்றான். உட்கார்ந்து அவனுக்கு மனு எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் துண்டை எடுத்தார்கள், கண்ணையும் எடுத்தார்கள். பத்தாம் நாள் கழகத்திலிருந்து சோலைமலைக்குக் கடிதம் போயிற்று. கழகத்துக்குச் சொந்தமான இரும்புத் துண்டு ஒன்று அவன் வசம் இருப்பதாகத் தெரியவருகிறது, பரிசோதனை முடிவதற்காக அதை உடனே ஒப்படைக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். ஒச்சம்மாள் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தாள். நாச்சிமுத்து பஞ்சைப் பிரித்து, துண்டைக் கழுவித் துடைத்து, சம்மட்டியோடு சேர்த்து நிறுத்தார். புதுசில் இருந்த எடை அப்படியே இருந்தது. பரிசோதனையில் கருவிக்கு எந்தச் சேதாரமும் ஏற்படவில்லை என்று எழுதினார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க அம்மிணி," என்றார் அவளிடம். அவள் அவர் முன்னாலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மாசியில் மற்ற கண்ணும் மங்கத் தொடங்கியது. ஒன்று கெட்டால் சில பேருக்கு மற்றதும் கெட்டுவிடும் என்று மதுரையில் டாக்டர் சொன்னாராம். வெங்காயக் காட்டில் கீதாரி ஒருவனுடைய ஆடு மேய்ந்தது. தடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாடு இரண்டும் வடமதுரைச் சந்தைக்குப் போயின. பங்குனி முடிவதற்குள் சோலைமலைக்கு வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

மனு மட்டும் சாகவில்லை. சித்திரையில் இறுதி விசாரணைக்கு ஓலை வந்தது. ஒச்சம்மாள் ஒரு குச்சியின் முனையைப் பிடித்து முன்னால் நடக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான். தனி அதிகாரி எழுந்து வந்து தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

"சோலைமலை, உன் வழக்கு எங்களைத் தூங்கவிடவில்லை. வீடா, வேலையா? நாலு மாதமாக இந்த ஆபீஸே இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. மதுரையால்கூட ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நான் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லு. இப்போது தோட்ட வேலைக்குப் போகிறாயா?"

"இல்லீங்கய்யா."

"கிணற்றில் இறங்குகிறாயா?"

"கண்ணு தெரியலீங்களே, எப்படி எறங்குறது?"

"கூலி வேலை, மராமத்து வேலை, ஏதாவது?"

"யாரு கூப்புடுவாங்கய்யா."

"பின்னே நாளெல்லாம் எங்கேதான் இருக்கிறாய்?"

"வீட்டுலதாங்க கெடக்கேன்."

தனி அதிகாரி முகத்தில் நாலு மாதமாக இல்லாத தெளிவு வந்தது. நாச்சிமுத்துவுக்கும் வந்தது. அவர் மேசையிலிருந்து ரோஸ் காகிதத்தை உருவினார்.

"எழுதுங்கள்," என்றார் அதிகாரி. "மனுதாரர் முழு நேரமும் வீட்டிலேயே இருப்பவர். ஆகவே அவருடைய உபயோகம் வீட்டு உபயோகம். வீட்டு உபயோகத்துக்குக் கழகச் சம்மட்டி போதுமானது. மனுதாரரும் அதை ஒப்புக்கொள்கிறார். கோப்பு முடிக்கப்படுகிறது."

முடித்த கையோடு, கழகத்தின் அன்பளிப்பாகப் பச்சைப் பெயிண்ட் அடித்த புதுச் சம்மட்டி ஒன்றை அவன் மடியில் வைத்தார்கள். அதற்குப் பழையது எதுவும் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். சோலைமலை அதைத் தடவிப் பார்த்தான். தலையை, காம்பை, முத்திரையை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"ஏன் பாய், அப்ப இது நல்ல சம்மட்டிதானா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டான். நான் இருந்தது அவனுக்கு இடது பக்கம். அவன் திரும்பியது வலது பக்கம்.

"எந்திரிங்க, போவோம்," என்றாள் ஒச்சம்மாள்.

ஒப்புதலுக்குக் கீழே மனுதாரரின் கைநாட்டு இல்லாமல் கோப்பு முடியாது என்று நாச்சிமுத்து மைப் பெட்டியைத் திறந்து நகர்த்தினார். அவன் இடது கையை நீட்டினான். கட்டைவிரல் காகிதத்தை விட்டு விலகி, மேசை மேலே எங்கேயோ தேடிக்கொண்டிருந்தது.

"எங்க வெக்கணும் பாய்?"

ஒச்சம்மாள் என்னையே பார்த்தாள். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த விரலைப் பிடித்து, மையில் ஒற்றி, காகிதத்தில் சரியான இடமாகப் பார்த்து வைத்து அழுத்தினேன்.